எட்டு மணி மாத்திரை

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. பாறசாலையில் உரக்கடை வைத்திருந்த அப்பா நேசையன், 'இவளுக்குக் காலில் சக்கரம் கட்டித்தான் கர்த்தர் அனுப்பியிருக்கிறார்' என்பார். பார்மசி மூன்றாம் வருடத்தில் ஆளுக்கு அறுபது மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்று விஜயலக்ஷ்மி மேடம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது, அந்த அறுபதை எத்தனை வாரத்தில் தீர்த்துக் கட்டலாம் என்றுதான் நான் முதலில் கணக்குப் போட்டேன். சேவை, கற்றல் என்றெல்லாம் அந்தத் தாளில் எழுதியிருந்தது. அதை நான் படிக்கவே இல்லை.

இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்து வீடு கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட நோய் இருக்கும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்து, சொல்லிக் கொடுத்து, ரெக்கார்டு எழுத வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவன் சுமந்த். கரமனை அக்ரகாரத்துப் பையன், கோடு போடாமல் ஒரு வரி எழுத மாட்டான். எங்களுக்குக் கிடைத்த இடம் விழிஞ்ஞம், மலையாளக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து கல்யாணம் கட்டி வந்த பெண்கள் அங்கே நிறைய உண்டு என்பதால் தமிழ் பேசுகிறவர்கள் போகட்டும் என்று மேடம் சொன்னார்.

அப்படிக் கல்யாணம் கட்டி வந்தவள்தான் ஞானபாய். அவள் புருஷன் திரவியம் மீன் பிடிக்கிறவர். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு வருடமாகச் சர்க்கரை. சர்க்கார் ஆஸ்பத்திரிச் சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதியிருந்தது. நாங்கள் முதல் தடவை போன அன்று அவருக்குக் காய்ச்சல், அதனால் வீட்டில் இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஞானபாய் கேட்டாள்.

"சாப்பிட்டியா பிள்ளே?"

"சாப்பிட்டாச்சு அக்கா," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிடப் பதினொன்று கூடுதலாக இருந்தது. அத்தனை வேளை அவர் மருந்து சாப்பிடவில்லை என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எக்கா, இது என்ன? டாக்டர் தந்தா கரெக்டா குடுக்கண்டாமா?"

"குடுக்கத்தான் செய்யேன். சோறு வைக்கும்ப ஒண்ணு குடுப்பேன். கடல்ல இருந்து வந்து கஞ்சி குடிச்சாவன்னா ஒண்ணு. கஞ்சி குடிக்காம கெடந்துட்டாவன்னா குடுக்கமாட்டேன்."

"அப்பிடியெல்லாம் நம்ம இஷ்டத்துக்குச் செய்யப்பிடாது. காலையில எட்டு மணி, ராத்திரி எட்டு மணி. மணி மாறப்பிடாது. மருந்துக்கு ஒரு நேரம் உண்டு."

ஞானபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் சுமந்தைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவன் சித்தப்பாவுக்குச் சாலை பஜாரில் போட்டோ ஸ்டூடியோ. அங்கிருந்து காலி பிலிம் ரோல் டப்பிகளைப் பை நிறையக் கொண்டு வந்திருந்தான். அதில் இரண்டை எடுத்து, ஒன்றில் சிவப்புத் தாளும் இன்னொன்றில் நீலத் தாளும் ஒட்டினான். சிவப்பு காலைக்கு, நீலம் இரவுக்கு. ஒரு மாதத்து மாத்திரையை உறையிலிருந்து உதிர்த்து நிரப்பி இறுக்கி மூடினோம். காற்றுப் புகாத டப்பி, ஈரம் தீண்டாது. எங்களுக்கே எங்களை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. கூடவே, நானே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு தாள். நாள், காலை, இரவு என்று மூன்றே பத்திகள். மாத்திரை சாப்பிட்டதும் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும்.

திரவியம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு டப்பியையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிக்கிய பிள்ளைய சொல்லுகு. எட்டு மணின்னா எட்டு மணிதான்," என்றார். கையில் கட்டியிருந்த வாட்சையும் காட்டினார்.

அதற்குப் பிறகு நாங்கள் வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். ஒரு தடவையும் அவர் வீட்டில் இல்லை. கடலுக்குப் போயிருக்காவ என்பாள் ஞானபாய். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். மீன்காரர் என்றால் விடியற்காலையில் போய் மத்தியானம் வந்துவிடுவார் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. நாலு மணிக்கு ஏன் ஆள் இல்லை என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், எனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே.

இரண்டு வாரம் முடிந்த வியாழக்கிழமை தாளை வாங்கிக்கொண்டோம். அன்றைக்கும் ஞானபாய் சாப்பிட்டியா என்று கேட்டாள், அன்றைக்கும் நான் ஆச்சு என்றேன். வாசல் வரை கூடவே வந்தாள்.

"பிள்ளே, அவியளுக்கு இப்பம் ஒறக்கத்துல ஒரே வேர்ப்பு. தலவாணி நனைஞ்சு போவுது. தட்டி எழுப்பினா முழிக்கதுக்கு நேரமாவுது. என்னண்ணு தெரியல்ல."

"ஓட்டு வீடு, காத்து இல்ல. சூடுதான் அக்கா," என்றேன். ஆகஸ்ட் மாதம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளி. சனிக்கிழமை கல்லூரியில் கண்காட்சி. எங்கள் ஐந்து வீட்டில் திரவியத்தின் வீடுதான் முன்மாதிரி என்று மேடம் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வேளைக்கு இருபத்தெட்டு வேளை, நூறு சதவீதம் என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு, லேபில் யாரும் இல்லாத நேரத்தில், ஞானபாயின் தாளைப் பெரிய சார்ட்டில் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

காலைப் பத்தியில் பதினாலு டிக். இரவுப் பத்தியில் இரண்டே டிக்தான் இருந்தது. மற்ற பன்னிரண்டு கட்டத்திலும் ஒரு சின்ன வளைவும் மேலே ஒரு கோடும் இருந்தன. முந்தின நாள் அவசரத்தில் அதையும் டிக் என்றே எண்ணியிருந்தேன்.

"சுமந்த், இது என்னடா?"

குனிந்து பார்த்தான். "படகு மாதிரி இருக்கு. மாமி ஏதோ அழகுக்குப் போட்டிருக்கா. நீ எல்லாத்தையும் டிக்காவே போட்டுடு, பார்க்க நன்னா இருக்கும்."

இரண்டு டிக்கும் எந்த நாள் என்று பார்த்தேன். ஞாயிறு. இரண்டும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் இரவு எட்டு மணிக்கு அவர் படகில் இருந்திருக்கிறார். ஞானபாய் கண்ணால் கண்டதற்கு டிக் போட்டிருக்கிறாள், காணாததற்குப் படகு போட்டிருக்கிறாள். அவ்வளவு நேர்மையாக யாரும் எனக்கு ரெக்கார்டு எழுதித் தந்ததில்லை.

அவர் ராத்திரி முழுக்கக் கடலில் இருக்கிறார். எட்டு மணிக்கு வலை போட்டுக்கொண்டிருப்பார், சோறு எங்கே தின்பார்? காலையில் கரைக்கு வந்து, வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்குச் சிவப்பு டப்பியைத் திறந்து ஒன்றை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு படுத்துவிடுவார். சாப்பிடாதவன் வயிற்றில் அந்த மாத்திரை போனால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும் என்று முதல் பரீட்சையிலேயே எழுதி மார்க் வாங்கியவள் நான். முதலில் வேர்க்கும், பிறகு கை நடுங்கும், அதற்குப் பிறகு நினைவு போகும். கட்டிலில் போனாலாவது ஞானபாய் தட்டி எழுப்புவாள். படகில் போனால்?

கஞ்சி குடித்தால் மாத்திரை, குடிக்காவிட்டால் இல்லை என்று அவள் வைத்திருந்த வழக்கம்தான் அந்த மனிதரை இரண்டு வருடம் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் ஐந்து நிமிஷத்தில் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"படகு எத்தனை மணிக்குப் போகும்?" என்றேன்.

"எனக்கெப்படித் தெரியும்? மேடத்துக்கிட்ட முதல்ல சொல்லுவோம்."

"மேடம் செனட் ஹாலுக்குப் போயாச்சு. நீ வாறியா, நான் போவட்டா?"

அது இரண்டாயிரமாவது வருடம். எங்கள் யாரிடமும் மொபைல் கிடையாது. ஆட்டோ பிடித்தோம். ஸ்டேச்சு வருவதற்குள் வண்டிகள் நின்றுவிட்டன. செக்ரட்டேரியட் வாசலில் ஏதோ ஜாதா. கொடிகளோடு ரோடு முழுக்க ஆட்கள், முடிகிற மாதிரியே இல்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி நடந்தேன். நடையா அது, ஓட்டம். பின்னால் சுமந்த் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு, சுருட்டிய சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான். அதை ஏன் எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

தம்பானூர் திரும்புகிற இடத்தில் ஒரு டெலிபோன் பூத். திரவியத்தின் வீட்டுப் பக்கத்துக் கடை நம்பர் என் ரெக்கார்டில் இருந்தது. மூன்று தடவை மணியடித்துக் கட்டாயிற்று. நாலாவது தடவை மலையாளம் பேசுகிற ஒரு ஆள் எடுத்தார்.

"திரவியத்தின்றெ வீட்டிலயா? ஆளை விட்டு பறயாம். எந்தா காரியம்?"

"மருந்து திங்கப்பிடாதுன்னு சொல்லணும். நீல டப்பியில உள்ளது. திங்கவே பிடாது. கேட்டுதா?"

"மருந்து தின்னணும், அல்லே? சரி, சரி," என்றார். நான் இல்லை இல்லை என்று கத்துவதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எங்கேஜ்டு.

கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தோம், டிரைவர் இல்லை. டீ குடிக்கப் போயிருக்கிறாராம். இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். ஜன்னலோரக் கிழவர் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மணி இரண்டே கால். திருவல்லம் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது இரண்டே முக்கால். சுமந்த் ஒரு தடவை, 'இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலையே, ஷிபா' என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். நான் அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தேன். அவன் மேல் கோபம் இல்லை, என் மேல்தான்.

விழிஞ்ஞத்தில் இறங்கும்போது மூன்று பத்து. வீட்டுக்குப் போகவே இல்லை, நேராகத் துறைமுகம். படகுகள் ஒவ்வொன்றாக இன்ஜினை முடுக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. கரையில் நின்ற ஞானபாய் என்னைப் பார்த்து வெள்ளிக்கிழமை எங்கே இவள் என்று திகைத்தாள்.

"அவிய எங்கக்கா?"

"அதோ போறாவல்லா. ஏன் பிள்ளே, என்ன?"

கையை நீட்டினாள். நீலம் அடித்த படகு, ஐந்து ஆள், பின்னால் நிற்பவர் திரவியம். துறைமுகத்து வாயைத் தாண்ட வேண்டுமென்றால் படகு புலிமுட்டின் முனையை ஒட்டித்தான் போக வேண்டும். புலிமுட்டு என்பது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கொட்டியிருக்கிற பாறைச் சுவர். நான் அதன் மேல் ஓடினேன். செருப்பு ஒன்று பாறை இடுக்கில் போயிற்று. முனைக்கு நான் போகவும் படகு அங்கே வரவும் சரியாக இருந்தது. முப்பது அடி தூரம்கூட இருக்காது.

"அண்ணா! அந்த மாத்திரை திங்காதீங்க! திங்காதீங்க!"

இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். என் பின்னால் வந்து நின்ற சுமந்தையும், அவன் கையில் இருந்த சார்ட்டையும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. இடுப்பிலிருந்து நீல டப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவரும் சரி சரி என்று தலையாட்டி, டப்பியைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தலையை அண்ணாந்து விழுங்கினார். வாயைத் திறந்தும் காட்டினார். படகு துறைமுகத்து வாயைத் தாண்டிப் போய்விட்டது.

அங்கேயே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சுமந்த்தான் என்னைப் பிடித்து எழுப்பினான். கரைக்கு வந்து ஞானபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன நேரம் தப்பு, இப்போது அவர் வயிற்றில் மாத்திரை போய்விட்டது, அரை மணி நேரத்துக்குள் நிறையச் சாப்பிட வேண்டும், ராத்திரியும் விட்டு விட்டுச் சாப்பிட வேண்டும், வேர்த்தால் உடனே சர்க்கரை தர வேண்டும். அழுதுகொண்டே சொன்னேன். என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு ஓடி, தூக்குச் சட்டி நிறையச் சோறும் மீன் குழம்பும், ஒரு பொட்டலம் சர்க்கரையும் கொண்டு வந்தாள். கடைசியாகக் கிளம்பிய படகு பக்கத்து வீட்டு லிங்கத்துடையது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"லிங்கம், எங்க கண்டாலும் இத குடுத்துட்டுத்தான் நீ வலை போடணும். நிறுத்தித் தின்னச் சொல்லு. நீ பாத்து நிக்கணும்."

லிங்கம் தலையாட்டினான். அதற்கு மேல் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கடலைப் பார்த்தோம். எல்லாப் படகும் ஒரே மாதிரி தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. சுமந்த் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் என்னை ஹாஸ்டலில் கொண்டு விட்டான். அன்று நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் தனியாக வந்தேன். ஞானபாய் எனக்கு முன்பே கரையில் இருந்தாள். அருகில் போய் நின்றேன். அவள் நகர்ந்து போகவில்லை. ஒவ்வொரு படகாக வந்தது. மீன் ஏலம் சத்தமாக நடந்தது. நீலம் அடித்த படகு வரவில்லை. லிங்கத்தின் படகும் வரவில்லை. ஏழு மணிக்கு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கால் விரலால் மணலைத் தோண்டிக்கொண்டு நின்றேன். ஏழேகாலுக்கு ஞானபாய் என் கையைப் பிடித்தாள்.

"அந்நா வாறாவ," என்றாள்.

நீலப் படகின் பின்னால் நின்றபடியே வந்தார் திரவியம். படகை இழுத்துப் போட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்து, தூக்குச் சட்டியை ஞானபாயிடம் நீட்டினார்.

"கடல்ல வச்சு வயிறு முட்டச் சோறு தின்னவன் நான் ஒருத்தன்தான். லிங்கம் தொண்டையில குத்தித் திணிக்காத குறை. என்னட்டி ஆச்சு உனக்கு?"

"அண்ணா, நேத்து அந்த மாத்திரை தின்ன பொறவு வேர்த்துதா? கை நடுங்கிச்சா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஞானபாயைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து நீல டப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கனமாக இருந்தது. திறந்தேன். முக்கால் டப்பி மாத்திரை.

"மூணு நாள் கடல்ல தின்னேன் மோளே. மூணாம் நாள் கண்ணு இருட்டிட்டு வந்துது. கையில இருந்த கயிறு போயி நானும் போயிருப்பேன், கூட உள்ளவன் சட்டையப் பிடிச்சான். அதுக்குப் பொறவு கடல்ல வச்சு நான் திங்கல்ல. வீட்டுல இவ முன்னால நின்னு தாறத மட்டும் திம்பேன்."

"பின்ன நேத்து தின்னீங்களே! நான் கண்டேனே!"

"அதுவா," என்றார். கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார். "வாய்க்குள்ள ஒதுக்கி வச்சுட்டு, நீங்க மறஞ்ச பொறவு துப்பினேன். நீ கல்லு மேல ஓடி வாற. பின்னால அந்தப் பையன் பேப்பரச் சுருட்டிட்டு நிக்கான். பரிச்ச போலன்னு நெனச்சேன். திங்காதவன்னு எழுதினா உனக்குல்லா மார்க்கு போவும்? அம்புட்டு தூரம் பஸ்ஸேறி வாறிய, பாவம்."

என் அறுபது மணி நேரத்துக்காக அந்த மனிதர் நடுக்கடலில் நடித்திருக்கிறார். அறுபதில் ஒரு மணி நேரம்கூட நான் அவருக்காகச் செலவழித்திருக்கவில்லை. அதை அவர் எதிரிலேயே சொல்லி அழுதேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். மீன் நாற்றம் அடித்த துண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே நீரு," என்று ஞானபாய் இப்போதுதான் அவர் மேல் பாய்ந்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத் திட்டினாள். அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட்டியா பிள்ளே?"

"இல்லக்கா," என்றேன். "நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல."

வீட்டில் மூன்று பேருக்கும் கஞ்சி ஊற்றினாள். மணி எட்டு அடித்தது. திரவியம் பழக்கத்தில் சிவப்பு டப்பியை எடுக்கக் கை நீட்டினார். நான் அதை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். கஞ்சியை முதலில் குடியுங்கள், பிறகு மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் இதையெல்லாம் சொல்வோம், அவர் சொல்கிற மாதிரி செய்வோம் என்றேன். கல்லூரியில் கண்காட்சி பத்து மணிக்கு. சார்ட் சுமந்திடம் இருந்தது. அதை மாட்ட வேண்டாம் என்றும், மேடத்திடம் நானே வந்து சொல்கிறேன் என்றும் முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தேன்.

ரெக்கார்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். ஸ்கேல் இல்லை, கோடும் போடவில்லை.

"அண்ணா, ஒரு நாளைக்கு நீங்க எப்பப்போ சாப்பிடுவிய? காலையில இருந்து வரிசையாச் சொல்லுங்க."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது.

"காலையில இருந்துன்னா," என்றார், "எனக்கு விடியது மத்தியானம் ஒரு மணிக்கு."

முதல் வரியில் ஒரு மணி என்று எழுதினேன். பிறகு பேனாவைப் பிடித்தபடி அவர் அடுத்ததைச் சொல்லக் காத்திருந்தேன்.